சமுதாய வானொலியில் யாருடைய சமுதாயம்?

(பெரம்பலூரில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ஊர்த்தெருவில்தான் இருந்ததாம். கேட்க வேண்டுமென்றால் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று அப்பாயி சொல்லும். பிறகு அப்பா டிரான்சிஸ்டர் வாங்கினார். இலங்கை வானொலி காலனிக்குள் வந்தது. நான் வானொலியை ஆய்வுக்கு எடுத்ததே அதனால்தான்.

அதே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்தான் 1981இல், மகாவலித் திட்டத்தில் குடியமர்த்தப்பட்ட உழவர்களுக்காக, யுனெஸ்கோ உதவியோடு மகாவலி சமூக வானொலியைத் தொடங்கியது. 1989இல் கொத்மலை நிலையம் வந்தது. 1999இல் அங்கே இணைய இணைப்பும் கொடுத்தார்கள். மக்கள் கேள்வி அனுப்புவார்கள்; அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொல்வார். அருமையான யோசனை, வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. ஆனால் நிலையம் அரசுக் கூட்டுத்தாபனத்துடையது. கிராமத்துக்காரர் பேசலாம், அவ்வளவுதான்.

2009இல் போர் முடிந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. மக்களே நடத்தும் வானொலிக்கென்று ஒரு சட்டம் மட்டும் அந்த ஆண்டுகளில் வரவில்லை. வந்திருந்தால் மைக் யார் கையில் இருந்திருக்கும்? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகும் முகாம்களிலேயே கிடந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். வேறு இடத்தில் காணி வாங்க வசதி இருந்தவர்கள் முன்பே போய்விட்டார்கள். 'தமிழ்ச் சமூகத்தின் குரல்' என்று ஒரு நிலையம் திறந்தால் முகாமில் கிடப்பவரின் குரல் அதில் தானாக வந்துவிடுமா? இங்கே ஈழம் பற்றி மேடையில் முழங்குகிற நம்மவர்கள் பலருக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. பரவாயில்லை.

நம் கதைக்கு வருவோம். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2008இல், இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில், தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியது. விதை, மண், பாட்டு எல்லாம் அவர்கள் பேச்சிலேயே ஒலித்தன. ஆனாலும் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. சின்ன வெங்காயத்தின் விலையைச் சொல்லலாம். காலனிப் பையனை அடித்தார்கள், வழக்குப் பதியவில்லை என்றால் அது 'செய்தி'.

'சமுதாய வானொலி' என்ற பெயரையே பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "தம்பி எந்தச் சமுதாயம்?" என்று கேட்டால் என்ன கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை ஒரு நிலையத்தின் திறப்பு விழாவுக்குப் போனால் நிர்வாகக் குழுவின் பட்டியலைக் கேளுங்கள். காலனியிலிருந்து எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஸ்டுடியோ சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.