'பொது' என்றால் யாருக்கு?

(பொம்மையார்பாளையம் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, பதவி அடுத்த தேர்தலுக்குப் பலமா, சுமையா என்று ஆய்வாளர்கள் கேட்கிறோம். தனி ஊராட்சிகளில் கேள்வியே வேறு. 1996இல் வென்ற மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் வென்றவர்கள் பதவியேற்ற கையோடு விலக வைக்கப்பட்டார்கள். 2006 வரை இதே கதை. மறுபடி நின்று தோற்கக்கூட அங்கே வழியில்லை.

மும்பையில் 1997இல் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுகள் 2002இல் பொதுவாயின. ஒதுக்கப்படாதவற்றைவிட அவற்றில் பெண்கள் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று ரிகில் பவ்நானி கண்டார். இருந்தவர் மீண்டும் நின்றதும் ஒரு காரணம்.

இங்கே சுழற்சியில் ஒதுக்கீடு போனதும், 'பொது' என்பதை ஊர் 'நமக்கு' என்று படிக்கிறது. நம் முன்னாள் தலைவரும் அப்படியே படித்து ஒதுங்குகிறார். சட்டம் அவரைத் தடுக்கவில்லை, தோழர்களே. பொது ஊராட்சியில் மனு போடுபவர் யார்? பெயரை இன்றே எழுதுவோம்.