தவறு செய்தவர் கையை உயர்த்தட்டும்

(மட்டக்களப்பில் பெற்றோரும் இளைஞரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். போனும் கேமும் எங்கள் பிள்ளைகளைக் கெடுத்துப்போட்டன என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்கு எதிராகப் பேசத்தான் நான் எழுந்திருக்கிறேன். கேமில் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. குற்றப்பத்திரிகையைப் பதினான்கு வயதுப் பையனோடு மூடிவிடாதீர்கள் என்கிறேன்.

விளையாட்டை அறியாத ஊரா இந்த வாவிக்கரை? புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தை நாடே அறியும். அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் இங்கே ஊன்றி வளர்த்த ஆட்டம் அது. லூசியானாவிலிருந்து வந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் எங்கள் மூத்த தலைமுறைப் பையன்களை அந்தத் தளத்தில் வேர்க்க வேர்க்க ஓடவிட்டுப் பயிற்றினார். அந்நாளைய கூடைப்பந்தில் ஒரு விதி இருந்தது. நடுவர் விசில் ஊதி ஃபவுல் என்றால், தவறு செய்தவன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும், சுற்றி நிற்கும் சனம் முழுக்கப் பார்க்க. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து ஒரு தமிழ் இளைஞனோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார் அந்த அடிகளார். இருவரும் வந்து சேரவேயில்லை. அதற்காக இந்த நாட்டில் இன்றுவரை ஒருவரும் கை உயர்த்தவில்லை.

இன்று பிள்ளைகளின் கையில் இருக்கும் களத்தையும் பாருங்கள். ஃப்ரீ ஃபயர், சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் கேம். இறக்கிக்கொள்ள ஒரு சதமும் வேண்டாம். உள்ளே போனால் டயமண்ட் கேட்கும். டயமண்ட் வாங்கினால் புது உடுப்பு, துவக்குக்குப் புது ஸ்கின். கடையில் காசைக் கொடுத்தால் கேட்ட சாமான் கைக்கு வரும். இங்கே காசைக் கொடுத்தால் ஒரு சக்கரம் சுற்றும். முதல் சுற்றுக்கு 9 டயமண்ட். அடுத்ததுக்கு அதைவிடக் கூட. அதற்கடுத்ததுக்கு இன்னும் கூட. கடைசிச் சுற்றுக்கு நூற்றுக்கணக்கில். ஆசைப்பட்ட உடுப்பு எந்தச் சுற்றில் விழும் என்று பிள்ளைக்குத் தெரியாது. விடவும் மனம் வராது, இவ்வளவு கொட்டியாயிற்றே என்று. டியூசனுக்கு அம்மா கொடுத்த காசு அங்கேதான் போகிறது. காசு கொடுத்துத் திறக்கும் இப்படியான அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இலேயே சொல்லிவிட்டது. பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கும் சனம் நாங்கள். சூது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தச் சக்கரத்தைச் செய்தவனை விட்டுவிட்டுப் பிள்ளையின் முதுகில் பிரம்பை வைப்பது எந்த நியாயம்?

தம்பிமாரே, உங்களையும் விடமாட்டேன். தெரிந்த ஒருவரின் வீட்டு விறாந்தையில் இருந்து ஓர் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு பேர் குழு. மைக்கில் ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. "பின்னால வாங்க, நான் பார்க்கிறேன்" என்று மட்டும்தான் சொன்னது. அதற்கு வந்த தூஷணத்தை இந்த மேடையில் சொல்ல என் நா கூசும். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் வெளியேறிவிட்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். ஏசியவன் யார் என்று கேட்டேன். "தெரியாது, ஃபேக் ஐடி" என்றான் வீட்டுப் பையன். நடுவர் இல்லாத இடத்தில் செய்தாலும் ஃபவுல் ஃபவுல்தான், தம்பி.

ஆனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தேர்தல் வந்தால் ஆள்பெயர் இல்லாத பேஸ்புக் பக்கங்கள் முளைக்கின்றன. தமிழனை முஸ்லிமோடும், வாவிக்கு மேற்கான படுவான்கரையைக் கிழக்கான எழுவான்கரையோடும் மூட்டிவிடுகின்றன. காசு கொடுப்பவர் மேடையில் வெள்ளை வேட்டியோடு ஒற்றுமை பேசுகிறார். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்று கதை கட்டி, காணொளி பரப்பி, பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அந்த வருட வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். வீடு எரிந்தவனுக்கு அந்த மன்னிப்பால் ஓர் ஓடாவது கிடைத்ததா?

உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிமின் காணொளிகளும் அப்படித்தான்; ஒளித்து வைத்தவை அல்ல, எல்லோரும் பார்க்கக் கிடந்தவை. அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம் மக்களே. இந்தியாவின் எச்சரிக்கையும் 2019 ஏப்ரல் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. எல்லாம் மேசைகளில் கிடந்தன. ஏப்ரல் 21 காலை, எங்கள் சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் செத்தார்கள். உடனே அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுக்க முடக்கியது. எந்த ஆஸ்பத்திரியில் தன் பிள்ளை என்று தேடிய தாய்க்கும் சேர்த்துத்தான் முடக்கியது. கடமை தவறியவர்களின் பெயரை உயர் நீதிமன்றம் சொல்ல 2023 ஜனவரி ஆயிற்று. மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. ஜனாதிபதியாக இருந்தவரின் கையை நீதிமன்றம் பிடித்துத்தான் உயர்த்த வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த வருடமே, 2024 ஜனவரி 24இல், நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 வாக்குகளால் நிறைவேற்றினார்கள். ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் எது பொய் என்று தீர்மானிப்பார்களாம். யார் மேல் இது பாயும் என்று எங்களுக்குத் தெரியும். 2021 மே 18இல், போரில் இறந்தவர்களுக்குக் கிரான் கடற்கரையில் விளக்கேற்றியதற்காகப் பத்துப் பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்த நாடு இது. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனை 2004 மே 31இல் இதே நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். இந்த மண்ணில் பிறந்த பத்திரிகையாளர் சிவராமை 2005இல் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் பெயரை மறைத்து உண்மையை எழுதினால் அது கோழைத்தனம் இல்லை, உயிர்ப்பயம். அதிகாரத்தில் இருப்பவன் பெயரை மறைத்து விஷத்தைப் பரப்புவதையும் இதையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம் எனக்கு வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கிறேன். உங்கள் பெயரில் ஓடும் பக்கங்களை யார் நடத்துகிறார்கள், விளம்பரத்துக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று தேர்தலுக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். காசு வாங்கிச் சக்கரம் சுற்றும் கேம்களைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பாராளுமன்றத்தில் பேசுங்கள். மாநகர சபையிடம் கேட்கிறேன். கூடைப்பந்துத் தளங்களுக்கு இரவு பத்து மணிவரை வெளிச்சம் கொடுங்கள், பெண்பிள்ளைகளுக்கென்று தனி நேரமும் ஒதுக்குங்கள். கழகக்காரர்களே, கேம் போட்டி நடத்துவதென்றால் நடத்துங்கள். ஆனால் உண்மைப் பெயரில் பதியுங்கள், நடுவரை வையுங்கள், மைக்கில் ஏசியவனை அந்த இடத்திலேயே வெளியேற்றுங்கள்.

இந்தக் கோரிக்கைகளை எழுதிய கடிதம் வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பெயர் போடப் பயம் உள்ளவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்காகவும் சேர்த்து நான் என் முழுப் பெயரையும் முகவரியையும் அதில் எழுதியிருக்கிறேன்.