வணிகத் தடையின் சுமை எவர் தோளில்?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பாகிஸ்தானை எதிர்கொள்வதற்கு இந்திய அரசு படைகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. சுங்க வரி, பிராந்திய அமைப்புகள், பன்னாட்டு நிதி நிறுவனங்கள் ஆகியவற்றையும் கருவியாக்கி வருகிறது. அவற்றின் அடி எவர்மீது விழுகிறது என்பதே வர்க்கப் பார்வையுடையோர் எழுப்ப வேண்டிய கேள்வி.

1996இல் பாகிஸ்தானுக்கு ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’ என்னும் தகுதியை இந்தியா வழங்கியது. பெயர் தனிச்சலுகைபோல் ஒலித்தாலும், பிற நாடுகளுக்கு இணையாகப் பாகுபாடின்றி நடத்துவது என்பதே அதன் பொருள். பாகிஸ்தான் அதனைப் பதிலுக்கு வழங்கவில்லை. 2019 பிப்ரவரியில் புல்வாமா படுகொலைக்குப் பின் மோடி அரசு அத்தகுதியை நீக்கி, 200 விழுக்காடு சுங்க வரி விதித்தது. ஆகஸ்டில் பாகிஸ்தான் வணிக உறவையே துண்டித்தது. 2017-18இல் நாம் அங்கிருந்து வாங்கியது ஏறத்தாழ 49 கோடி டாலர். விற்றதோ ஏறத்தாழ 192 கோடி டாலர். ஆகவே இழப்பு நமக்கும் உண்டு. அட்டாரியின் சுமைதூக்கும் தொழிலாளரும் அமிர்தசரஸின் லாரி ஓட்டுநரும் பிழைப்பிழந்தனர். ராவல்பிண்டித் தளபதிகளின் தட்டில் ஒரு ரொட்டியும் குறையவில்லை. 2025இல் பஹல்காம் படுகொலைக்குப் பின் அட்டாரி வாயிலும் மூடப்பட்டது.

சார்க் அமைப்பின் கதையும் இத்தகையதே. 2016இல் இஸ்லாமாபாத் உச்சி மாநாடு கைவிடப்பட்டது. பாகிஸ்தான் இல்லாத பிம்ஸ்டெக் முன்னிறுத்தப்பட்டது. ஆனால் 2004இல் கையெழுத்தான பிம்ஸ்டெக் தடையற்ற வணிகக் கட்டமைப்பு இன்னும் முழு ஒப்பந்தமாகவில்லை.

2025 மே 9 அன்று பன்னாட்டு நிதியம் பாகிஸ்தானுக்குச் சுமார் 100 கோடி டாலர் தவணையை விடுவித்தது. இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. அந்நிதியம் திணிக்கும் மின்கட்டண உயர்வையும் தனியார்மயத்தையும் பற்றி நமது அரசு வாய் திறக்கவில்லை. எவ்வாறு திறக்கும்? 1991 முதல் நம் ஆட்சியாளர்களும் அதே மருந்தைத்தானே மக்களுக்குப் புகட்டி வருகிறார்கள்!

“அப்படியானால் பயங்கரவாதத்தைப் பொறுத்துக்கொள்வதா?” என்று கேட்பார்கள். ஒருபோதும் இல்லை. 2018 முதல் 2022 வரை நிதி நடவடிக்கைப் பணிக்குழு பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில் வைத்தது. அந்த நெருக்கடிக்கிடையே, 2020இல், பயங்கரவாத நிதி வழக்கில் ஹஃபீஸ் சயீத் தண்டிக்கப்பட்டார். பயங்கரவாதிகளின் பணப்பையைக் குறிவைப்பது வேறு. உழைப்பாளியின் சோற்றுப்பானையை உடைப்பது வேறு.

எனவே, பயங்கரவாத நிதியை முடக்குக, எல்லை வணிகத்தை மீட்டெடுக்குக, சார்க்குக்கு உயிரூட்டுக என்னும் மூன்று கோரிக்கைகளையும் பிரிக்காமல் வைக்க வேண்டும். முதலாவதைச் சொல்லாவிடில் மக்கள் நம்மை நம்பமாட்டார்கள். ஏனைய இரண்டையும் சொல்லாவிடில் நமக்கும் போர்வெறியர்களுக்கும் வேறுபாடு இராது. இதனை ஒவ்வொரு கிளையிலும் பொறுமையுடன் விளக்குவோம்.