தகரப் பெட்டியில் ஒரு தேர்தல் சின்னம்

பேராக்கில் பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் அழிந்து செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. லயத்து வீட்டைக் காலி செய்யும்போது பாட்டியின் தகரப் பெட்டியைக் கொட்டிப் பார்க்கிறோம். செல்லாக் காசுகளோடு, சட்டையில் குத்தும் வட்டமான பேட்ஜ் ஒன்றும் விழுகிறது. அதில் பாய்மரக் கப்பல் படம். குப்பையென்று வீசிவிடலாமா?

இவ்வகைப் பேட்ஜ் 1896-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் பெரிதும் பரவியது. தகரத்தின்மேல் படம் அச்சிட்ட காகிதம், அதன்மேல் மெல்லிய செல்லுலாய்டு, பின்புறம் ஓர் ஊசி. செலவு குறைவு, அதனால் உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டில் முதல் பொதுத் தேர்தல் 1955 ஜூலை 27-இல் நடந்தது. எழுத்தறியாதவர்களும் அடையாளம் காணச் சின்னங்கள் உதவின. கூட்டணிக் கட்சியின் சின்னம் பாய்மரக் கப்பல். அது 52 இடங்களில் 51-ஐ வென்றது. எஞ்சிய ஒன்று, நம் பேராக்கின் கிரியான் தொகுதி, இஸ்லாமியக் கட்சிக்குப் போயிற்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் வட கிந்தாவில் வென்றார்.

ஆனால் அன்றைய வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தோட்டத்து மக்கள் பலருக்குக் குடியுரிமை இல்லை. ஆகவே பேட்ஜ் குத்திக்கொண்டவர்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. "பாட்டி, உங்களுக்கு அப்போ ஓட்டு இருந்துச்சா?" என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்தப் பேட்ஜிலும் அச்சிடப்படவில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

சின்னத்தைக் கொண்டு காலத்தையும் அறியலாம். பொதுத் தேர்தல்களில் கப்பல் 1955 முதல் 1969 வரை இருந்தது. தேசிய முன்னணியின் தராசு 1974-இல் வந்தது. ஜனநாயக செயல் கட்சியின் ராக்கெட் போட்டியிட்ட முதல் பொதுத் தேர்தல் 1969-இல் நடந்தது.

பித்தளைச் செம்பைப் போலப் பேட்ஜைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். தண்ணீரிலும் கழுவ வேண்டாம். உள்ளே காகிதம் ஊறும், தகரம் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்துச் சுற்றி வையுங்கள். கூடவே ஒரு சீட்டில், யார் அணிந்தது, எந்தத் தோட்டம், எந்தத் தேர்தல், ஓட்டு இருந்ததா இல்லையா என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தோட்டமே இல்லாமற்போன பிறகும் நம் குடும்பம் இங்கே வாழ்ந்ததற்கு அது சாட்சி சொல்லும்.