நீச்சல் வீரரின் உடலும் உள்ளமும்



நிலத்தில் நடப்பதற்கென அமைந்தது மனித உடல். அதனை நீரில் விரைந்து செல்லப் பழக்குவது எளிய செயலன்று. நீர், காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. விரைவு இருமடங்கானால், நீர் தரும் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகும். ஆகவே வலிமை ஒன்றையே நம்பி நீரை அடிப்பவன் விரைவில் களைத்துப்போகிறான். எதிர்ப்பைக் குறைக்கக் கற்றவனே முந்துகிறான். சிறந்த நீச்சல் வீரருக்குரிய பண்புகள் யாவும் இவ்வுண்மையிலிருந்தே தோன்றுகின்றன.

முதலில் உடலைப் பற்றிப் பார்ப்போம். நீண்ட கைகள், நீண்ட மேலுடல், அகன்ற தோள்கள், நன்கு வளையும் கணுக்கால்கள் ஆகியவை விரைவு நீச்சலுக்குத் துணை செய்வன. அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் 2004 முதல் 2016 வரை நடந்த நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் 23 தங்கம் உட்பட 28 பதக்கங்கள் வென்றவர். அவருடைய உயரம் 193 செண்டிமீட்டர். விரித்த கைகளின் நீளமோ ஏறத்தாழ 200 செண்டிமீட்டர். துடுப்பு நீண்டால் படகு விரைவது போன்றதே இது.

உடலமைப்பு பிறப்பால் வருவது. மூச்சு பயிற்சியால் வருவது. புதிதாக நீந்துவோர் காற்றுக்காகத் தலையை உயர்த்துவர். தலை உயர்ந்தால் கால்கள் தாழும். தாழ்ந்த கால்கள் நீரை எதிர்த்து உடலைப் பின்னிழுக்கும். தேர்ந்தவரோ தலையை உயர்த்தாது, பக்கவாட்டில் சற்றே திருப்பி மூச்சை வாங்கி, முகம் நீரில் இருக்கும்போதே அதனை வெளிவிடுவர். இச்சிறு பழக்கம் கைவர ஆயிரமாயிரம் முறை பயில வேண்டும்.

இனி உள்ளம். பெல்ப்ஸ் சிறுவனாயிருந்தபோது முகத்தை நீரில் அமிழ்த்த அஞ்சினார். அதனால் மல்லாந்து நீந்தவே முதலில் கற்றார். ஓரிடத்தில் அமைதியாக இருக்க இயலாத கவனக்குறைபாடும் அவருக்கு உண்டென மருத்துவர் கண்டனர். இவனால் எதிலும் மனத்தை நிறுத்த முடியாது என்று ஆசிரியர் ஒருவர் அவருடைய தாயாரிடம் கூறினாராம். பல்லாண்டு ஆசிரியத் தொழில் செய்த நான், இச்செய்தியை இளம் ஆசிரியர்களுக்கு அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. வகுப்பில் அலைபாயும் மனம், தனக்குரிய இடத்தைக் கண்டதும் அசையாது நிற்கக்கூடும்.

அவ்வாறு நின்ற மனத்தை உலகம் 2008ஆம் ஆண்டில் பீஜிங் நகரில் கண்டது. 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலின் இறுதிப் போட்டி. குதித்த சிறிது நேரத்திலேயே அவருடைய நீச்சற் கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. வரவர எதிரிலிருந்த சுவரும் தெரியாமற் போயிற்று. அவர் பதறவில்லை. தம் கைவீச்சுகளை எண்ணியே சுவர் எங்குள்ளதென அறிந்து நீந்தினார். 1 நிமிடம் 52.03 விநாடியில் புதிய உலகச் சாதனையுடன் வென்றார். கண் உதவாதபோது பயிற்சி உதவியது.

கடல் நீச்சலுக்கு வேறுவகை உறுதி வேண்டும். குளிர் உடலின் வெப்பத்தைக் கவரும்; நீரோட்டம் கரையை நெருங்க விடாது. கல்கத்தாவைச் சேர்ந்த ஆரத்தி சாஹா 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றார். பதினான்கு மணி நேரத்திற்கு மேல் நீந்தி, இங்கிலாந்துக் கரைக்குச் சில மைல் தொலைவே இருந்தபோது, எதிர்நீரோட்டத்தால் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. நம்மில் பலர் அத்துடன் ஊர் திரும்பியிருப்போம். அவரோ அங்கேயே தங்கிப் பயின்று, செப்டம்பர் 29ஆம் நாள் மீண்டும் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்திக் கரையேறினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்னும் புகழ் அவருக்கு உரியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 19.

இரு முயற்சிகளுக்கும் இடையே அவருடைய கைகள் நீளவில்லை; கடலின் குளிர் தணியவில்லை. தோல்விக்கு உடலைப் பழிக்காது, அடுத்த முயற்சிக்கு உள்ளத்தை ஆயத்தம் செய்தார், அவ்வளவே.

மாணவர்களே, நீளமான கைகள் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் நாள்தோறும் தவறாத பயிற்சி, இடர் வந்தபோது பதறாமை, தோற்றபின் மீண்டும் இறங்கும் துணிவு ஆகிய மூன்றும் முயல்வோர் யாவர்க்கும் கிட்டும். தேர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நீங்கள் யாவரும் நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். பதக்கம் வராவிடினும், ஒருநாள் உங்கள் உயிரையே அது காக்கக்கூடும்.