யாருடைய மாடிக்குச் சூரிய மானியம்?

இரண்டு வீடுகளின் கரண்ட் பில்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஏசி ஓடும் மாடி வீடு. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்து வீடு. ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் சேர்த்து 200 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதப்படி மாடி வீட்டுக்கு 4,550 ரூபாய் வரும். கிராமத்து வீட்டுக்கு 225 ரூபாய். அதற்குப் பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது; இடைவெளி அப்படியே இருக்கிறது.

இப்போது இரண்டு வீட்டிலும் சோலார் போடுவோம். மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு ஒரு கோடி வீடு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். அரசு எடுத்துக்கொண்ட அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதற்கு 45,000. ஆக, மாடி வீட்டுக்காரர் மூன்று கிலோவாட் போட்டால் கைக்காசு 67,000. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 720 யூனிட். மீதி 80 யூனிட், 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடும். போட்ட காசு மூன்று வருடத்துக்குள் வீடு வந்து சேரும்.

கிராமத்து வீட்டுக்காரர் ஒரு கிலோவாட் போட்டால் கைக்காசு 20,000. பில்லுக்கு 225 வீதம் வருடத்துக்கு 1,350 ரூபாய் மிச்சம். போட்டதை எடுக்க ஏறக்குறைய 15 வருடம். சந்தை விலை அரசு விலையைவிடக் கூடுதல், மற்ற கட்டணங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தால் இரண்டு பேருக்கும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் வீட்டுச் சோலார் மானியம் பற்றி நடக்கும் வாக்குவாதம் முழுவதும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. கூரை மின்சாரத்தில் குஜராத்தும் மகாராஷ்டிரமும், பக்கத்துக் கேரளமும்கூட நம்மைவிட முன்னால் போனதற்கு ஒரு பெரிய காரணமும் இதுதான். நம் ஊரில் சோலாருக்குப் போட்டி மலிவான மின்சாரம்.

அந்த மலிவுக்கு ஒரு வரலாறு உண்டு, அது போராடி வாங்கியது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, 1937-ல் அங்கே மின்நிலையம் ஓடத் தொடங்கியது. டெல்டா பாசனத்துக்குத் திறந்த தண்ணீரே வழியில் டர்பைனைச் சுற்றிவிட்டு வந்தது. 1957-ல் மின்வாரியம் அமைந்தது. காமராஜர் காலத்தில் கம்பி கிராமங்களுக்குள் நுழைந்தது, பம்புசெட்டுகள் பெருகின. 1970-ல் விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 காசிலிருந்து 10 காசாக உயர்த்தியபோது கொங்கு நாடு கொதித்தது. பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் கோவைத் தெருக்களை விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் அடைத்து நின்றன. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1990-ல் கலைஞர் ஆட்சி எல்லா விவசாயிகளுக்கும் அதை விரிவாக்கியது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சி அதை நிறுத்தியது. காவிரியில் தண்ணீர் வராமல் டெல்டா காய்ந்து கிடந்த வருடங்கள் அவை. 2004 மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதிகூடக் கிடைக்காமல் போனதும் இலவச மின்சாரம் திரும்பி வந்தது. வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் 2016-ல் வந்தது.

டெல்டாவில் இலவச மின்சாரம் இல்லையென்றால் போர் தண்ணீரில் குறுவை இல்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருடங்களில் நாற்றங்காலைக் காப்பாற்றியது அந்த மோட்டார்தான். அதை வெறும் ஓட்டுக் கணக்கு என்று பேசுகிறவர்கள் ஒரு கோடையில் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை போய்ப் பார்க்கலாம்.

சோலார் மானியம் இந்த மாநிலத்தில் நுழைந்ததே ஒரு நெருக்கடியின் நடுவில். 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு. அந்த வருடம் மேட்டூரும் செப்டம்பரில்தான் திறந்தது. ஆற்றிலும் தண்ணீர் இல்லை, மோட்டாருக்கும் கரண்ட் இல்லை. அந்த அக்டோபரில் தமிழ்நாடு சூரிய மின்கொள்கை வெளிவந்தது; 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. வீட்டு மாடியில் தயாராகும் யூனிட்டுக்கு முதல் இரண்டு வருடம் 2 ரூபாய், அடுத்த இரண்டு வருடம் 1 ரூபாய், பிறகு 50 காசு ஊக்கத்தொகை. தவிர, ஒரு கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மாநில மானியம். 2013 கடைசியில் நெட் மீட்டர் வந்தது: பகலில் கம்பிக்குக் கொடுத்த யூனிட்டை இரவில் எடுத்த யூனிட்டோடு கழித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் வாரியத்துக்கும் வீட்டுக்காரருக்கும் உரசல் ஆரம்பித்தது. அதிக யூனிட் எரிப்பவர் கட்டும் 8 ரூபாய், 9 ரூபாயும் அரசு தரும் மானியமும் சேர்ந்துதான் குறைவாகக் கட்டுபவரைத் தாங்குகின்றன. அதிகம் எரிப்பவர் சோலாருக்குப் போய்விட்டால் கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பராமரிக்கும் செலவு யார் தலையில்? 2019 கொள்கை நெட் மீட்டரைக் கைவிட்டு, வாரியம் வாங்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலை வைத்தது. வீடுகளில் ஆர்வம் வற்றியது. 2021-ல் ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு நெட் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தது. இருபது வருட முதலீடு கேட்கும் ஒரு பொருளுக்கு எட்டு வருடத்தில் இரண்டு முறை விதி மாறினால் எந்தக் குடும்பம் துணிந்து கடன் வாங்கும்?

வாரியத்தின் கவலை பொய்யில்லை. இலங்கையைப் பாருங்கள். 2016-ல் சூரிய சக்திப் போராட்டம் என்று அங்கே திட்டம் தொடங்கி, மாடி மின்சாரத்துக்கு முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 இலங்கை ரூபாய் கொடுத்தார்கள். மாடிகள் நிறைந்தன. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை. அலுவலகமும் ஆலையும் மூடிக் கிடந்தன. பகல் மூன்று மணி வரை பேனல்களை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே வேண்டிக்கொண்டது. சூரியன் தருவது நண்பகலில், வீடுகள் கேட்பது விளக்கு வைத்த பிறகு. பேட்டரி இல்லாமல் அந்த இடைவெளியை மூட முடியாது.

டெல்டாக்காரர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மாடியில் சோலார் இருந்தால் அப்படி ஒரு நாளில் விளக்கு எரியும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். மானியத்தில் பொதுவாகப் போடப்படும், பேட்டரி இல்லாத சோலார் எரியாது. கம்பியில் கரண்ட் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக அந்த ஏற்பாடு. விற்க வருகிறவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் மானியத்தின் பக்கம்தான். காரணம் டெல்டாவின் மண். நம் வயல்களுக்கு அடியிலிருந்து எடுத்த எரிவாயுவில்தான் நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் மின்நிலையங்கள் எழுந்தன. பிறகு மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தபோது அதற்கு எதிராக ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே, அந்தப் பயணத்திலேயே இறந்தார். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க்கு எதிரான போராட்டம். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். கமுதியில் 648 மெகாவாட் சோலாருக்கு 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. நஞ்சையில் அப்படிப் பரப்ப முடியாது, பரப்பவும் கூடாது. இங்கே மின்சாரம் விளைய, நெல்லோடு சண்டை போடாத ஒரே இடம் கூரை.

கூரை யாருடையது என்பதும் தஞ்சையில் பழைய கேள்வி. மிராசுதாரின் மனையில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த மனை சொந்தமானது 1971 குடியிருப்புச் சட்டத்தால். சூர்யகர் கேட்பதோ சொந்த வீடும் அதில் தகுந்த கூரையும். கோயில் மனையிலும் ஆதீன மனையிலும் தலைமுறையாக இருப்பவர்களுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும், கீற்றுக் கூரைக்கும் அந்த வாசல் எளிதில் திறக்காது.

அரசு இதற்கு முன் ஒரு முறை சரியாக யோசித்தது. 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து சூரிய விளக்குகள், மொத்தம் மூன்று லட்சம் வீடு. வீட்டோடு சேர்ந்தே சோலார் வந்தது. ஏழை முதல் போட வேண்டியிருக்கவில்லை. பேட்டரிக்கு ஆயுள் சில வருடம்தான் என்பதால் மாற்றித் தரும் பொறுப்பும் கூடவே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைகளுக்குப் பதில் 360 சதுர அடி வீடுகள் எழுகின்றன. அதில் 300 சதுர அடியாவது கான்கிரீட் கூரை. ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி இருந்தால் போதும். அந்தக் கூரையில் இரண்டு கிலோவாட் தாராளமாக உட்காரும். அரசு விலையில் ஒரு லட்சம், மத்திய மானியம் 60,000, மீதி 40,000. அந்த மீதியைக் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திடம் கேட்பதில் நியாயமில்லை. 100 யூனிட்டுக்குள் எரிக்கும் அவர்களுக்கு பில்லில் மிச்சமாக ஒன்றுமில்லை. வாரியம் கொடுக்கட்டும். மின்வாரியமே வீடுகளில் பொருத்தித் தரும் முறைக்கு சூர்யகர் விதியிலேயே இடம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளுக்கு 2 கிலோவாட் இலவசம் என்று பக்கத்து ஆந்திரம் முடிவெடுத்துவிட்டது. இரண்டு மாதத்தில் கிடைக்கும் 480 யூனிட்டில் வீடு எரித்தது போக மற்றதை வாரியம் எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்துக்குக் கூரை வாடகையாக ஒரு தொகை வங்கியில் போடலாம். சூர்யகர் 2026-27 வரைதான். கனவு இல்லத்தின் வரைபடத்தில் பேனலுக்கான இரும்புச் சட்டத்தையும் மீட்டர் இடத்தையும் இந்த வருடமே சேர்க்கச் சொல்லி நம் ஊராட்சிகள் கிராம சபையில் தீர்மானம் போடட்டும்.