கஞ்சிக்குத் தூக்கு எடுத்து வாருங்கள்

(ரமலானுக்கு முந்தைய குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



ரமலான் நெருங்குகிறது. அதற்கு முன் எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு, வரிசை சீக்கிரம் நகரட்டும் என்று நோன்புக் கஞ்சியை பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தோம். பெருநாள் முடிந்து பார்த்தால், தெருக் கால்வாய் நிறைய அந்தக் கவர்கள்தான் கிடந்தன. பிளாஸ்டிக் பை, டம்ளர் உள்ளிட்ட 14 வகைப் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. தெரிந்தே செய்தோம்.

கவர் மக்கிப் போவதில்லை. வெயிலில் நொறுங்கி 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாகிறது. இதைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். நாம் துவைக்கும் பாலியஸ்டர் துணியிலிருந்தும் இழைகள் உதிர்ந்து சாக்கடைக்குப் போகின்றன. திருவேற்காட்டிலும் மதுரவாயலிலும் கூவத்தில் விழுவது நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. ஏரியும் தப்பவில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியில், சராசரியாக ஒரு லிட்டர் நீரில் 5.9 துகள்களும், ஒரு கிலோ வண்டலில் 27 துகள்களும் இருந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மீனுக்கு எது இரை, எது பிளாஸ்டிக் என்று தெரியாது. விழுங்கியது செரிக்காமல் குடலில் தங்கினால், வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். ஆனால் உடம்பில் சத்து சேராது, வளர்ச்சி குன்றும். செவுளிலும் இழைகள் சிக்கும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் தின்றது சின்ன மீனுக்கும், அங்கிருந்து பெரிய மீனுக்கும் போகிறது. குடலோடு காய வைத்த நெத்திலிக் கருவாடு நம் சட்டிக்கே வருகிறது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். மீன்களுக்கு நீர்தானே பாதை! நன்மை தேடிக் கொடுக்கும் கஞ்சியால் இன்னொரு படைப்புக்குத் தீங்கு வரலாமா?

ஆகவே, இந்த ரமலானில் கவரில் கஞ்சி கிடையாது. நம் அத்தாமார்கள் காலத்தில் போல, பிள்ளைகளிடம் தூக்கு கொடுத்து அனுப்புங்கள். மறந்து வருபவர்களுக்கு அலுவலகத்தில் தூக்கு இருக்கும். கழுவித் திருப்பித் தந்தால் போதும். நிக்காஹ் வைக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: வலீமா விருந்தில் எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். கழுவும் ஆள்கூலியை அறக்கட்டளை ஏற்கும், இன்ஷா அல்லாஹ்.